தாத்தாவை நீள உள்காற்சட்டையில் வரைந்தால் தவறா?

கரிக்கோடு (லிந்துலை)

நீர்வர்ணத்தில் வரைந்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் என் அப்பாவின் அப்பா. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் இரவு வாச்சராக இருந்தவர். காவல் முடிந்து விடியற்காலையில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வந்ததும் காக்கி உடுப்பைக் கழற்றிவிடுவார். கணுக்கால் வரை இறங்கும் கம்பளி உள்காற்சட்டையும் பெனியனுமாக இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நிற்பார். தலையில் மப்ளர், கையில் பாலில்லாத சாயத்தண்ணி. வெயில் ஏறும்வரை அதே கோலம்தான். அதற்குப் பிறகுதான் சாரம் கட்டுவார்.

அந்தக் காற்சட்டை, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்படும்போது கொடுத்துவிட்டுப் போனது என்று அப்பாயி சொல்வார். துரை நல்ல உயரம், தாத்தா குள்ளம். அதனால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே துணி பை விழுந்து தொங்கும். இந்தப் படத்தில் என்னை அதிகம் வேலை வாங்கியது முகம் இல்லை, அந்தத் தொங்கல்தான்.

தாத்தாவின் புகைப்படம் என்று வீட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்தது. மற்றது ஹற்றனில் ஒரு ஸ்டூடியோவில் கோட்டு போட்டு எடுத்தது. இரண்டிலும் மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அறிந்த தாத்தா இரண்டிலும் இல்லை.

படத்தைக் குடும்பத்தில் காட்டினேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "செத்துப்போன மனிதரை இப்படி அரைகுறையாக ஊருக்குக் காட்டுகிறாயே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெளிநாட்டுக் கலண்டர்களில் சிவப்பு உள்ளாடையோடு நிற்கும் தாத்தாமார் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும், அதற்காகவே வரைந்தவை. நான் சிரிப்பதற்காக வரையவில்லை. உங்கள் வீடுகளில் இப்படி ஒரு தாத்தா இருந்தாரா? இருந்தால் எழுதுங்கள். சித்தப்பா சொல்வது சரி என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள்.

நோர்வூட் நாடோடி

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருக்கும் மனிதரை அரைகுறை என்கிறாரா உங்கள் சித்தப்பா? என் தாத்தாவைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். கோவணத்தோடு தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் நின்று பனிக்காலத்திலும் விடியற்காலையில் குளித்த ஆள் அவர். குளித்துவிட்டு, மற்றவர்களும் எழும்பட்டும் என்று சத்தமாகத் தேவாரம் வேறு பாடுவார்.

படம் அருமை, தங்கச்சி. கோப்பையிலிருந்து எழும்பும் ஆவிக்குத் தாளின் வெள்ளையையே விட்டிருக்கிறீர்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பழைய கணக்கப்பிள்ளை

நான் சித்தப்பாவின் பக்கம். காரணம் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம் மகள்.

நம்மை யார் யாரெல்லாம் படம் பிடித்தார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் புகைப்படக் கம்பனி போன்றவர்கள் தபால் அட்டைகளை அச்சடித்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். அவற்றில் கூடையோடு பெண்கள் நிற்பார்கள், மேலுடம்பில் துணி இல்லாமல் ஆண்கள் நிற்பார்கள். ஒருவருக்கும் பெயர் இருக்காது. அடியில் தோட்டக் கூலி என்று இருக்கும், அவ்வளவுதான். துரை மட்டும் தொப்பியும் சப்பாத்துமாக நடுவில் நிற்பார்.

அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கோட்டு என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் தகப்பனார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கறுப்புக் கோட்டு ஒன்று தைத்தார். கல்யாணம், தேர்தல், தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். சாரத்துக்கு மேலே கோட்டு போட்டால் நகரத்தார் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டார். அப்படித் தேடிக்கொண்ட மதிப்பைக் கழற்றிவிட்டு உள்ளாடையில் நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை. ஓவியர்களுக்குப் பரிதாபம் பிடிக்கும். பரிதாபப் படத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள் நம் ஆட்களாக இருக்க மாட்டார்கள்.

தையற்காரர் மகள் (பண்டாரவளை)

நான் மதிப்பு, மானம் பற்றிப் பேச வரவில்லை. காற்சட்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா சந்தைத் தெருவில் தையற்கடை வைத்திருந்தார். இப்படியான உருப்படிகள் அவரிடம் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் வரும்.

முன்னால் சிப்பிப் பித்தான்கள். பின்னால் இடுப்புப் பட்டியில் இரண்டு நாடா, இறுக்கிக் கட்டிக்கொள்ள. கணுக்காலில் பிடித்துக்கொள்ளும்படி விரல் நீளத்துக்கு நெருக்கமான பின்னல். தொடையிடுக்கில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், உட்கார்ந்து எழும்பும்போது கிழியாமல் இருக்க. இரண்டு இடத்திலிருந்து வரும். பங்களாக்களிலிருந்து வருபவை மெல்லியவை, வெளிர்நிறம். தியத்தலாவை இராணுவ முகாம் பக்கமிருந்து கைமாறி வருபவை தடித்தவை, சாம்பல் நிறம், ஆட்டு மந்தையின் நெடி போகவே போகாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலிருந்து அந்தச் சரக்கு சுற்றிக்கொண்டிருந்ததாக அப்பா சொல்வார்.

அளவு குறைப்பதில்தான் அவருடைய திறமை. கணுக்காலில் வெட்டினால் பின்னல் அவிழ்ந்துவிடும். ஆகவே நடுவில், முழங்காலுக்கு மேலே குறுக்காக வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்துவிட்டு மேலும் கீழும் இணைப்பார். தையல் தடித்துத் தோலில் உறுத்தாமல் இருக்க இரண்டு ஓரத்தையும் தட்டையாக விரித்துக் கையால் தைப்பார். எடுத்த துண்டு வீணாகாது, பிறந்த பிள்ளைக்குத் தொப்பியாகிவிடும். எங்கள் தெருவில் துரைமாரின் முழங்காலைத் தலையில் போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நிறைய.

கரிக்கோடு, உங்கள் தாத்தாவின் காற்சட்டை முழங்காலில் பை விழுந்தது அதைத் தையற்காரரிடம் கொடுக்காததால்தான். படத்தில் அது சரியாகவே விழுந்திருக்கிறது.

மூடுபனி

கலண்டர் படங்களைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் மேலும் கீழும் ஒரே துணியாக வரும் அந்த உடுப்புக்கு 1868இல் நியூயோர்க் மாநிலத்தில் காப்புரிமை எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது முதலில் பெண்களுக்காக வந்தது. இடுப்பை இறுக்கும் கச்சையிலிருந்து பெண்களை விடுவிக்க வேண்டும் என்று பேசியவர்கள் கொண்டுவந்த உடுப்பு அது. பிறகுதான் ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கம் பித்தான் போட்டுத் திறக்கும் கதவு ஒன்று இருக்கும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அந்தக் கதவின் ஒரு பித்தான் கழன்று தொங்குவதுதான் கலண்டர் ஓவியர்களின் நிரந்தர நகைச்சுவை. மிச்சிகனில் சீடர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் 1939இலிருந்து சிவப்புக் கம்பளி உள்ளாடைக்கென்றே திருவிழா நடத்துகிறது.

பிரித்தானியர் கதை வேறு. குஸ்தாவ் யேகர் என்ற ஜெர்மானிய விலங்கியல் பேராசிரியர், தோலில் படும் துணி விலங்கின் உரோமமாகத்தான் இருக்க வேண்டும், பருத்தியும் லினனும் உடம்புக்குக் கேடு என்று 1880களில் பிரசாரம் செய்தார். லண்டனில் 1884இல் அவர் பெயரிலேயே கடை திறந்தார்கள். நாடகாசிரியர் பெர்னாட் ஷாவே அந்தக் கம்பளி உடுப்போடு தெருவில் நடந்தவர். வெயில் நாடுகளுக்குப் போன பிரித்தானியச் சிப்பாய்களை வாந்திபேதி வராமலிருக்க வயிற்றைச் சுற்றிக் கம்பளிப் பட்டி கட்டவும் வைத்தார்கள். வாந்திபேதி தண்ணீரால் வருகிறது என்று தெரிந்த பிறகும் பட்டியை விடவில்லை. ஆக, நம் துரைமார் கம்பளி உள்காற்சட்டையோடு கப்பலேறியதற்கு நுவரெலியாக் குளிர் பாதிக் காரணம், அந்தக் கால மருத்துவ நம்பிக்கை மீதிக் காரணம். கொழும்புத் துறைமுகத்தில் அதோடு இறங்கி வேர்த்துக்கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருக்கிறது.

நோர்வூட் நாடோடி

மகிழ்ச்சிக்குக் காரணம் தேட வேண்டாம், மூடுபனி அண்ணன். எனக்கும் அதேதான்.

கவ்வாத்துக் கத்தி (மஸ்கெலியா)

இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்காற்சட்டை யாருக்குக் கிடைத்தது? பங்களா வேலையாளான அப்புவுக்கு, வாச்சருக்கு, கார் ஓட்டியவருக்கு. மலையில் நின்றவனுக்கு என்ன கிடைத்தது?

என் தாத்தா கான் (வடிகால்) வெட்டினார், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். மாசி மாதத்தில் பள்ளத்துத் தேயிலையில் உறைபனி விழுந்தால், வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். அந்த நேரத்துக்கு அவர், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். உடம்பில் ஒரு பெனியன், முழங்காலுக்கு மேலே காக்கிக் காற்சட்டை, இடுப்பில் சாக்கு, தலையில் கம்பளி. அந்தக் கம்பளியையும் தோட்டம் சும்மா கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அரிசியையும் கம்பளியையும் பற்றெழுதிச் சம்பளத்தில் வெட்டினார்கள். கடன்காரத் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். கம்பளிக் கணக்கு அதற்குப் பிறகும் ஓடியது. ஒரே கம்பளிதான் பகலில் மழைக்கு, இரவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையான காம்பராவில் மொத்தக் குடும்பத்துக்கும் போர்வை.

அட்டைக்கடிக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். நீளக் காற்சட்டை போட்ட துரை அதை மேசுக்குள் (காலுறைக்குள்) செருகிக்கொண்டு நடப்பார். தாத்தா கெண்டைக்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்குவார். மழை கழுவிவிடும். மாலையில் லயத்து வாசலில் சுண்ணாம்பு வைத்து ஒவ்வொன்றாக விழுத்துவார். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பு வடுக்கள் வரிசையாக இருக்கும்.

கரிக்கோடு உங்கள் தாத்தாவை வரையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மலையகத் தாத்தா என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள்.

கரிக்கோடு (லிந்துலை)

கவ்வாத்துக் கத்தி அண்ணன், தலைப்பு "வாச்சர்". அப்படியே இருக்கும்.

ஆனால் பங்களா ஆட்கள் சுகமாக இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லாமல் சொல்வதை ஏற்க மாட்டேன். துரை குடும்பம் உள்ளே நெருப்பு மூட்டிய அறையில் தூங்கும்போது வாசலில் விடியவிடிய நின்றவர் தாத்தா. நெருப்புக்கு விறகு பிளந்து கொடுத்தவரும் அவர்தான். அந்தக் காற்சட்டையைத் துரை அன்பால் கொடுத்தாரா, பெட்டியில் இடம் இல்லாமல் கொடுத்தாரா என்று அப்பாயிக்கே சந்தேகம் இருந்தது.

பெரியவர் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு: பரிதாபப்படுவதற்கு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? வேலை முடிந்துவிட்டது. கதகதப்பாக இருக்கிறார். தேத்தண்ணி சூடாக இருக்கிறது. அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிட முடியாது. தபால் அட்டைக்காரர்கள் அந்த நேரத்தில் லயத்துப் பக்கம் வந்ததே இல்லை.

லயத்துப் பிள்ளை

இரு தரப்பும் சரிதான் என்று தோன்றுகிறது. படத்தின் பிரதி கிடைக்குமா? என்ன விலை?

கோத்தகிரிப் பேரன் (நீலகிரி)

அக்கரையிலிருந்து எழுதுகிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தா பொகவந்தலாவையில் பங்களா அப்புவாக இருந்தவர். அவரிடமும் இதே காற்சட்டை இருந்தது.

எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று வீட்டில் பெரிய சண்டை நடந்ததாம். அம்மிக்கல் வேண்டாம், தையல் மெஷின் வேண்டும். சாமி படம் வேண்டும், கம்பளிகள் வேண்டாம். இந்தியா என்றால் வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டி கம்பளிகளைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டார். தாத்தா மட்டும் உள்காற்சட்டையைச் சேலைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தார். மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது வெளியே வந்தது. வெளியே புழுக்கம், மணற்காற்று. பாட்டி சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லும் ஆளைப் பொறுத்துக் கதை மாறும்.

பிறகு எங்களை அனுப்பிய இடம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் வேலை. மலை, பனி, தேயிலை, லயம் எல்லாம் திரும்பவும் வந்தன. முதல் மார்கழியில் குடும்பத்தில் கம்பளித் துணி வைத்திருந்த ஒரே ஆள் தாத்தாதான். அந்த வருடம் முழுவதும் அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை.

பழைய கணக்கப்பிள்ளை

பேரன் எழுதியதைப் படித்தேன். அதே கப்பலில் என் அக்கா குடும்பமும் போயிருக்கலாம். நல்லது.

என் கருத்தை மாற்றவில்லை. ஒரு யோசனை சொல்கிறேன். படத்தில் தாத்தாவுக்குப் பின்னால், கதவோரத்து ஆணியில் கோட்டைத் தொங்கவிடலாமே. பார்க்கிறவனுக்கு, இந்த மனிதரிடம் கோட்டும் இருந்தது என்று தெரியட்டும். சித்தப்பாவும் சமாதானமாவார்.

கரிக்கோடு (லிந்துலை)

ஐயா, அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. படம் எடுக்கும்போது போட்டுவிட்டு, எடுத்ததும் கழற்றிக்கொண்டார். எங்கள் வீட்டு ஆணியில் அது ஒருநாளும் தொங்கவில்லை.

பழைய கணக்கப்பிள்ளை

அப்படியா. என் தகப்பனாருடையது சொந்தக் கோட்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நோர்வூட் நாடோடி

தெரியும் ஐயா. எங்களுக்கும் அவரைப் பார்க்க ஆசை. படம் இருந்தால் இங்கே போடுங்கள்.

ஊற்றுத்தண்ணி (ராகலை)

நான் வேறொன்று சொல்கிறேன், யாருக்கும் சிரிப்பு வராது.

1973, 74 பஞ்சம். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு, வேலை நாட்களும் குறைந்துவிட்டன. மலையகத்தில் பசியால் செத்தவர்களை இன்னும் சரியாகப் பேசி முடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரம், தோடு, கம்பளி என்று விற்க முடிந்ததெல்லாம் நகரத்துக்கு இறங்கிய காலம். எங்கள் தாத்தாவின் உள்காற்சட்டையும் இறங்கியது. பாட்டி அதைக் கொண்டுபோய் மரவள்ளிக்கிழங்கு வாங்கிவந்தார். கிழங்குக்காரர் வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர் என்று பாட்டி சொல்வார். அதை விரித்துப் பார்த்துவிட்டு, இதை யார் போட்டது என்று கேட்டாராம். என் மாமனாருடையது என்று பாட்டி பொய் சொன்னார். தாத்தா வெளியில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருடம், 1975இல், கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. பங்களாவில் வெள்ளைக்காரர் இருந்த காலம் முடிந்தது. இந்தச் சாமான்கள் எங்கள் பக்கத்துக்குப் பிறகு வரவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் உள்காற்சட்டை என்றால் தாத்தாவின் நினைவு வராது, கிழங்கின் நினைவுதான் வரும். யாராவது அதை வரைந்தால் பார்க்கிறேன்.

கரிக்கோடு (லிந்துலை)

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற தாத்தாவை வரைய அனுமதி தருவீர்களா? முகம் வேண்டாம் என்றால் முதுகுப்பக்கமாக வரைகிறேன்.

ஊற்றுத்தண்ணி (ராகலை)

முகத்தோடு வரையுங்கள். அடையாள அட்டைப் படத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

ஓவர்லொக் (கட்டுநாயக்க)

நான் தாத்தா இல்லை, தாத்தாவின் பேத்தி. தலவாக்கலையிலிருந்து வந்து சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை செய்கிறேன். 1978இல் தொடங்கிய வலயம் இது. இப்போது என் மெஷினில் ஓடுவது என்ன தெரியுமா? குளிர்நாட்டுக்குப் போகும் நீள உள்காற்சட்டை. செயற்கை நூல், தோல் போல ஒட்டும், கைக்குள் சுருட்டினால் அடங்கிவிடும். இங்கே புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு அதைத் தைக்கிறோம்.

தையற்காரர் மகள் அக்கா சொன்ன சதுரத் துண்டு இன்றும் இருக்கிறது. எங்கள் வரிசையில் அதைத் தைப்பதுதான் என் வேலை. மூலை நான்கும் சரியாக உட்காராவிட்டால் தரம் பார்க்கும் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று குளிருடுப்பு விற்கும் நுவரெலியா பேல் பஜாரில் தேடினேன். ஜக்கெட், சுவெட்டர், கையுறை எல்லாம் மலையாகக் குவித்திருந்தார்கள். உள்காற்சட்டையும் இருந்தது. உட்புறச் சதுரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை கோணல். வேண்டாம் என்று வைத்துவிட்டேன், கடைக்காரருக்கு ஏன் என்று புரியவில்லை. வேறொன்று எடுத்தேன். அப்பா அதைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புக்கு வரமாட்டேன் என்கிறார். மேலே சாரம் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.

மூடுபனி

கவ்வாத்துக் கத்தி சொன்ன சாக்கும் கம்பளியும் பற்றி ஒரு குறிப்பு. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஆட்டு உரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரம் தெரியாமல் வாங்கிக்கொள்ளும், சுருள் சுருளான இழைகளுக்கு நடுவில் காற்றையும் பிடித்துவைக்கும். மழையில் நின்ற தொழிலாளிக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த உள்காற்சட்டைதான். பங்களாவுக்குள் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அவ்வளவு தேவையில்லை. யாருக்குத் தேவையோ அவருக்குப் பற்றுக் கணக்கில் கம்பளி, யாருக்குத் தேவை குறைவோ அவருக்கு ஒரு டசின் உள்காற்சட்டை.

கவ்வாத்துக் கத்தி (மஸ்கெலியா)

அதைத்தான் நான் நாலு பந்தியில் சொன்னேன்.

கோத்தகிரிப் பேரன் (நீலகிரி)

ஓர் உதவி வேண்டும். தாத்தாவின் காற்சட்டை இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்த உரையாடலைப் படித்த பிறகு எடுத்துப் பார்த்தேன். இடது காலில் பூச்சி அரித்த ஓட்டைகள், இடுப்பு நாடா ஒன்று இல்லை. அடுப்புப் புகையின் வாசனை இருக்கிறது. மனைவி வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? தையற்காரர் மகள் அக்காதான் சொல்ல வேண்டும்.

தையற்காரர் மகள் (பண்டாரவளை)

வெந்நீர் வேண்டவே வேண்டாம், தம்பி! சுருங்கி உங்கள் மகனுக்குக்கூடப் பத்தாமல் போய்விடும்.

முதலில் பூச்சியைக் கொல்லுங்கள். நெகிழிப் பையில் காற்றில்லாமல் கட்டிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் ஈரம் படியும். பிறகு நிழலில் விரித்து மென்மையான தூரிகையால் முட்டைகளைத் தட்டிவிடுங்கள், தையல் ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். துவைத்தே ஆக வேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரில், தலைக்குப் போடும் ஷாம்பூ ஒரு சொட்டு. பிழியக் கூடாது, துவாயில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் கால் நீண்டுவிடும், பாயில் கிடத்திக் காயவையுங்கள்.

புகை வாசனை வேண்டும் என்றால் துவைக்காதீர்கள். நாடாவை நான் தைத்துத் தருகிறேன், அகலத்தை அளந்து அனுப்புங்கள். எங்கள் கடை டப்பாவில் அந்தக் காலத்துச் சிப்பிப் பித்தான்களும் கொஞ்சம் இருக்கின்றன. உங்களுடையதில் எத்தனை குறைகிறது?

கோத்தகிரிப் பேரன் (நீலகிரி)

பித்தான் எல்லாம் இருக்கிறது அக்கா, நடுவில் ஒன்றை மட்டும் பாட்டி சட்டைப் பித்தானால் மாற்றித் தைத்திருக்கிறார். அது நீலம். அதை அப்படியே விடுகிறேன். நாடா முக்கால் அங்குலம்.